ஆறரையும் எட்டும்

அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு முறை பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

திண்டுக்கல்லில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் அவளும் நானும் ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்தோம். மேல்மாடி, மேற்குப் பார்த்த ஜன்னல். திறந்தால் மலைக்கோட்டைப் பாறை தெரியும், அந்தப் பக்கமிருந்து வரும் காற்றும் சூடாகத்தான் வரும். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் ஊர் செம்பட்டிக்குத் தெற்கே. காலை ஏழரைக்கே ஸ்பெஷல் கிளாஸ் வைத்து உயிரை வாங்கியதால் விடுதிக்கு வந்தேன். அவள் தொப்பம்பட்டிப் பக்கம். மூக்குக்கண்ணாடி விற்கும் கடையொன்றில், உள்ளறையில் உட்கார்ந்து லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்தும் வேலை. உட்கார்ந்து என்று சொல்கிறேனே தவிர அங்கேயும் நின்றுகொண்டுதான் செய்வாளாம். என்னைவிட இரண்டு வயது இளையவள். என்னை ‘டீச்சர்’ என்பாள், ‘ங்க’ போடாமல் பேசமாட்டாள். நான் அவளை ‘புள்ள’ என்பேன்.

எல்லாவற்றையும் அளப்பாள். கைப்பையில் மஞ்சள் டேப் ஒன்று, ஆறங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று. ஒரு முறை அளந்தால் மனம் ஆறாது, மறுபடி அளப்பாள். விடுதி வாசலில் இருந்து பஸ் ஸ்டாப்புக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு என்பாள். பேசும்போது அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் சோப்பு டப்பாவைத் திறந்து மூடுவாள். எனக்கோ திருத்த வேண்டிய பேப்பர் குவிந்து கிடக்கும். செத்த நேரம் உட்காரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன், கத்தியும் இருக்கிறேன். உட்காருவாள். கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டே இருக்கும், கால் ஆடும்.

நான் எதையாவது அடித்துச் சொன்னால் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். “அளந்தீங்களா டீச்சர், இல்ல சும்மா பாத்தீங்களா?”

வார்டன் ஒருநாள் எங்கள் அறைக்கென்று பழைய இரும்பு பீரோ ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். கதவில் கண்ணாடி பதித்த பீரோ. இவள் போய்ப் பார்த்துவிட்டு, நிலைக்கதவில் அது நுழையாது, அரை அங்குலம் இடிக்கும் என்றாள். பார்த்தாலே தெரிகிறது, தாராளமாகப் போகும் என்றார் வார்டன். மூன்று பேர் தூக்கினார்கள், சாய்த்தார்கள், திருப்பினார்கள், சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம். பீரோ இரண்டு மாதம் வராந்தாவிலேயே நின்றது. அப்புறம் ஒரு தச்சரை அழைத்து நிலையை இழைத்த பிறகுதான் உள்ளே வந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் வார்டனுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்குப் பவர் அதிகம். அந்த வருடம் புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து மாலையானால் நெற்றி இரண்டாகப் பிளப்பது மாதிரி வலிக்கும். தைலமும் மாத்திரையுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் நெற்றியைத் தேய்ப்பதை நாலு நாள் பார்த்தவள், ஐந்தாம் நாள் தன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூக்கின் மேல் அந்த இரும்பு ஸ்கேலை வைத்தாள். நடுமூக்கிலிருந்து வலது கண்ணின் மணி வரை ஒரு அளவு, இடது மணி வரை ஒரு அளவு. வலது முப்பத்தொன்று, இடது இருபத்தொன்பது மில்லிமீட்டர். முன்பு போட்ட கடையில் இரண்டு கண்ணுக்கும் நடுவே அறுபது என்று மொத்தமாக அளந்து, பாதிப் பாதியாக வகுத்துவிட்டார்களாம்.

“ஒருத்தருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதுங்க டீச்சர். வகுத்துப் போட்டா யாருக்கும் ஆகாத அளவாப் போயிருமுங்க,” என்றாள்.

புதிய லென்ஸ் போட்ட இரண்டாம் நாள் வலி போய்விட்டது. நன்றியோடு தலையாட்டினேன். அவள் சொன்னது மண்டையில் ஏறவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

விடுதியில் நாங்கள் எல்லோரும் டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைப்பவர்கள். யாரோ ஒரு ஆண் டேப் பிடித்து அளப்பதற்குப் பதில், ஏற்கெனவே சரியாக இருக்கும் ஒன்றைக் கொடுத்து, இதைப் பார்த்துத் தைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது நம் வழக்கம். என் அளவு ஜாக்கெட் ஏழு வருடம் பழையது. ஒவ்வொரு முறையும் தைத்து வந்ததைப் போட்டுப் பார்த்து, பக்கத்தில் ஒரு தையலைப் பிரித்துக்கொள்வேன். அவள் அந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது யாரோட அளவுங்க?”

“என்னோடதுதான்.”

“எப்பத்த அளவுங்க?”

எரிச்சலாக வந்தது. அப்படியானால் நீயே அள என்று எழுந்து நின்றேன். மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து சேர்த்தாள். நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவள் படிக்கவில்லை. டேப்பைப் பிடித்தபடி பேசாமல் நின்றாள். எனக்கு முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்தது. அப்புறம்தான் குனிந்து படித்தாள். எண்ணைக் கேட்டு இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இவ்வளவு அளக்கிறவள் டெய்லரிடம் போனதே இல்லை. கடைத்தெருவில் ரெடிமேட் டாப் வாங்கி வருவாள், ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடுவாள். வெயில் கொளுத்தும்போதும் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி இறுக்கமாகப் போட்டிருப்பாள். உடை மாற்றுவது பாத்ரூமில். ரொம்பக் கூச்சம், ரொம்பப் பிகு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கொடியில் அவள் துணிகளோடு உள்ளங்கை அகலத்தில் இரண்டு மூன்று திண்டுத் துணிகள் காயும். பல மடிப்பாக மடித்து ஓரம் தைத்தவை. லென்ஸ் துடைக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை, அளக்கவில்லை, சும்மா பார்த்ததோடு சரி.

அந்தப் பங்குனியில் ஒரு கிலோ வெள்ளைப் பருத்தி நூல் கோன் வாங்கி வந்தாள். குரோஷா ஊசியால் தனக்கே ஒரு டாப் பின்னப் போவதாகச் சொன்னாள். கை இல்லாதது, காற்று புகுவது, உள்ளே ஒரு மெல்லிய சிம்மி போட்டுக்கொண்டால் போதும். ஓட்டை ஓட்டையாக மீன் வலை மாதிரி இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவாய் என்று பக்கத்து அறைக்காரிகள் கேலி செய்தார்கள். எனக்கு குரோஷா கான்வென்ட்டில் படிக்கும்போதே கைவந்தது, சர்ச் பீடத்து விரிப்புக்கு ஓரம் பின்னியிருக்கிறேன். அவள் ஃபோனில் பார்த்துக் கற்றவள். என் கண்ணிகள் ஒரே சீராக விழும், அவளுடையது அங்கங்கே இறுகும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் கணக்கு அவளுடையது. முதலில் கையகலச் சதுரம் ஒன்று பின்னி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணினாள். பிறகு தன் உடம்பை அளந்து நோட்டில் எழுதி, அங்குலங்களைக் கண்ணிகளாக மாற்றினாள். கீழிருந்து வட்டமாகப் பின்னிக்கொண்டே ஏறி, அக்குளுக்கு வந்ததும் இரண்டு தோள் பட்டைகளாகப் பிரித்து முடிக்க வேண்டும். பன்னிரண்டு நாளில் இடுப்பைத் தாண்டிவிட்டாள். நடந்துகொண்டே பின்னுவாள், நூல்கோன் ஒரு பையில் தோளில் தொங்கும். அந்த மாதம் அவள் காலடிச் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு இடத்தில் இருக்க முடியாமல் போயிற்று.

பதின்மூன்றாம் நாள், முதலில் மாதிரிக்குப் பின்னிய சதுரத்தைத் துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தாள். கால் அங்குலம் சுருங்கியிருந்தது. ஜன்னல் ஓரம் நின்று, அத்தனையையும் பிரித்துப் போட்டாள். நாங்கள் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னியதெல்லாம் சரசரவென்று நூலாகி, கையிலிருந்த டிபன் பாக்ஸைச் சுற்றி ஏறியது. அன்று மாலையே முதல் கண்ணி.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கடை முதலாளி பழனியில் புதுக் கிளை திறக்கிறார். அதை இவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் உள்ளறையில் கிடந்தவள் இனி முன்னால் கவுண்டரில் நிற்பாள். திறப்பு சித்திரையில் ஒரு வியாழக்கிழமை.

“அன்னிக்குத் துப்பட்டா இல்லாம கடையில நிக்கோணுமுங்க டீச்சர். அது ஒண்ணுதான் எனக்கு,” என்றாள். இம்புட்டு வெயிலில் துப்பட்டா எதற்கு, தூக்கிப் போடு என்று நானும் சொன்னேன். அவள் கேட்டது அதுவல்ல.

திறப்புக்கு முந்தைய திங்கட்கிழமை காலை ஊரிலிருந்து ஃபோன். அம்மா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. டாப் அக்குள் வரை வந்திருந்தது, தோள்கள்தான் பாக்கி. கிளம்பும் அவசரத்தில் நூல் பையையும் நோட்டையும் என் கட்டிலில் வைத்தாள். தன் வேலையை இன்னொருவர் கையில் அவள் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நோட்டுல இருக்கறத அப்படியே போட்டுருங்க டீச்சர். அப்படியே போடுங்க. புதன்கிழமை பொழுது சாய வந்துருவனுங்க.”

பள்ளி விட்டு வந்து நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு அளவுக்கும் நேரே இரண்டு எண்கள், நடுவில் ஒரு சாய்கோடு. மார்பு 34 / 34. இடுப்பு 30 / 30¼. வழக்கம்போல இரண்டு முறை அளந்திருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டேன். கடைசி வரி, அக்குளிலிருந்து தோள் வரை: 6½ / 8.

ஒன்றரை அங்குல வித்தியாசம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உலகத்தையே அளந்து தப்பு கண்டுபிடிக்கிறவள் கடைசியில் தானும் தவறிவிட்டாள். தன் தோளைத் தானே அளக்கும்போது டேப் நழுவியிருக்கும். கீழே அவள் போட்டிருந்த கணக்கையும் பார்த்தேன். ஒரு பட்டைக்கு இருபத்தாறு வரிசை, இன்னொன்றுக்கு முப்பத்திரண்டு. இதை அப்படியே பின்னினால் கோணல்மாணலாகப் போகுமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஃபோன் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது விளக்கம் சொல்லி அவளே சரி என்று ஆக்கிவிடுவாள் என்றுதான் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் செய்யக்கூடியதைச் செய்தேன். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். ஏழேகால் அங்குலம், இருபத்தொன்பது வரிசை. இரண்டு பக்கமும் இருபத்தொன்பது.

இரண்டு மாலை உட்கார்ந்து பின்னினேன். பீடத்து விரிப்புக்குப் போடுவதுபோல ஒரு கண்ணி பிசகாமல் போட்டேன். மடித்து வைத்துப் பார்த்தால் வலதும் இடதும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. கழுத்துக்கு ஒரு சின்ன சிப்பி ஓரமும், அவள் கேட்காததுதான், போட்டேன்.

புதன்கிழமை சொன்னபடி பொழுது சாய வந்தாள். அம்மாவுக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது, சித்தி துணைக்கு இருக்கிறாள், காலை ஐந்து மணிக்குப் பழனி பஸ் என்று நடந்துகொண்டே சொன்னாள். டாப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குளித்துவிட்டு, போட்டுக்கொண்டே வந்து பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள். துப்பட்டா இல்லாமல் அவளை நான் பார்ப்பது அப்போதுதான்.

டாப் சரியாக உட்காரவில்லை. இடது பக்கம் அக்குளைப் பிடித்து இழுத்தது, கீழ் ஓரமும் அந்தப் பக்கம் மேலேறியிருந்தது. வலது பக்கம் தோளில் நிற்காமல் தூக்கிக்கொண்டு நழுவியது, கழுத்து அந்தப் பக்கமாகச் சரிந்தது. எனக்குப் பதறியது, அச்சாகப் பொருந்தியதே. பின்னால் போய் வலது தோளைப் பிடித்து மேலே தூக்கினேன். வகுப்பில் பிள்ளைகளிடம் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை தானாக வந்தது.

“நேரா நில்லு புள்ள. கோணலா நிக்கிற.”

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“நேராத்தானுங்க நிக்கறேன் டீச்சர்.”

என் கை அவள் தோளில் இருந்தது. அந்தத் தோள் நான் தூக்கிய இடத்துக்கு வரவில்லை, வரக்கூடியதும் இல்லை. முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்து, வலது தோள் ஒன்றரை அங்குலம் கீழே இருந்தது. தோளின் மேல் திண்டுத் துணியின் அளவுக்கு ஒரு சதுரம், வியர்க்குரு வெடித்து ஆறி வெடித்துக் கறுத்துப் போயிருந்தது. கொடியில் காய்ந்தவை லென்ஸ் துடைக்கும் துணிகள் அல்ல. காலையில் எழுந்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, அவற்றைத் தோளில் அடுக்கி, துப்பட்டாவைப் பின் குத்தி இறுக்கி, தன்னை இரண்டு பக்கமும் சமமாக்கிக்கொண்டுதான் அவள் ஒன்றரை வருடமும் என் முன்னால் நடமாடியிருக்கிறாள். அது இல்லாமல் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் நிற்க ஆசைப்பட்டுத்தான் அளந்தாள், பிரித்தாள், பின்னினாள். நான் வகுத்துப் போட்டுவிட்டேன். அவள் போட்டுத் தந்த கண்ணாடி அப்போதும் என் மூக்கில்தான் இருந்தது.

நான் உளறினேன். நீ எப்போதும் இரண்டு தடவை அளப்பாயே, அதனால்தான் என்றேன். டேப் நழுவியிருக்கும் என்று நினைத்தேன் என்றேன். இப்போதே பிரித்து, விடிவதற்குள் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் டாப்பைக் கழற்றி, பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அப்படியே போடச் சொன்னேனுங்களே,” என்றாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

ஊசியையும் நூலையும் எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன. கால் ஆடவில்லை, கட்டில் சத்தம் போடவில்லை. அவள் சும்மா உட்கார்ந்திருந்தது அப்போதுதான். அந்த அசையாத கைகளைப் பார்க்க முடியாமல், நான்தான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

காலையில் நான் கண் விழித்தபோது கிளம்பியிருந்தாள். கொடியில் திண்டுத் துணிகள் இல்லை. டாப்பையும் நோட்டையும் எடுத்துப் போயிருந்தாள். திறப்புவிழாப் படம் ஒன்றை விடுதிக் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். முதலாளிக்குப் பக்கத்தில் சமமான தோள்களோடு, இறுக்கப் பின் குத்திய துப்பட்டாவோடு நின்றாள். அடுத்த வாரம், நான் பள்ளியில் இருந்த நேரமாகப் பார்த்து வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மெசேஜ் ஒன்று எழுதி எழுதி அழித்தேன். அனுப்பவே இல்லை.

ஒரு வருடம் ஆயிற்று. அடுத்த சித்திரையில் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. திண்டுக்கல்லில் இல்லாத கடையா? ஆனாலும் பழனி பஸ்ஸில் ஏறினேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை மன்னிப்பு வாசகத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். ஜன்னல் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்த பிறகுதான் தெரிந்தது.

கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை டாப். அதே நூல். துப்பட்டா இல்லை. வலது தோள் எங்கே இருக்குமோ அங்கே இருந்தது, அதன் மேல் பட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தது. கழுத்து நேராக இருந்தது. நான் போட்ட சிப்பி ஓரத்தைப் பிரித்துவிட்டிருந்தாள். எதிரே நின்ற அம்மா ஒருவர் தன் பையனின் கண்ணாடிக்கு ஃபிரேம் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார். அவள் தோளை யாரும் பார்க்கவில்லை, அவளும் மறைக்கவில்லை.

என் முறை வந்தது. “வாங்க டீச்சர்,” என்றாள், நேற்றுப் பார்த்தவளைப் போல. எழுதி வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். லென்ஸ் மட்டும் மாற்றினால் போதும், அளவு பழையதுதான், உன்னிடமே இருக்குமே என்றேன்.

“எப்பத்த அளவுங்க?” என்றாள்.

ஸ்கேலை எடுத்து வந்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. எதிரே வெள்ளையாக ஒரு உருவம், ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தது. அது ஒன்று மட்டும் தெரிந்தது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“வலது இருவத்தாறு, இடது முப்பத்திரண்டு,” என்றேன். நோட்டில் இருந்த வரிசைகள், நான் அப்படியே போட்டிருக்க வேண்டியவை.

குளிர்ந்த ஸ்கேல் என் மூக்கில் பட்டது. படிப்பாள், எழுதுவாள் என்று காத்திருந்தேன். படிக்கவில்லை. ஸ்கேலைப் பிடித்தபடி பேசாமல் நின்றாள்.

“மூச்ச விடுங்க டீச்சர்,” என்றாள்.